சின்னக் கோர்ட்டில் பந்தக்கால்

எங்கள் ஊரான தேவாரத்தில் எல்லாரும் கூடிப் பணம் போட்டு டென்னிஸ் கோர்ட்டைச் சீராக்கினோம். பக்கத்தில் சிறுபிள்ளைகளுக்கென்று தாழ்வான வலையோடு ஒரு சின்னக் கோர்ட்டும் போட்டோம். என் மகள் அதற்காகத்தான் காத்திருந்தாள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், கமிட்டித் தலைவர் அந்தச் சின்னக் கோர்ட்டின் நடுவில் கடப்பாரையால் குழி தோண்டவைத்தார். விழாவுக்குப் பந்தக்கால் நடவாம்.

"அண்ணே, பிள்ளைக ஆடுற இடம்ணே," என்றேன். கூச்சத்தில் குரல் பாதிதான் வந்தது.

"பெரிய கோர்ட்டுல தோண்டுனா ஆடுறவுக வைவாக. பிள்ளைகளுக்கு என்னப்பா தெரியப்போகுது?" என்றார்.

அந்தக் கம்புக்கு மஞ்சள் பூசிக் கற்பூரமும் காட்டினார்கள். விழா முடிந்ததும் குழியில் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்துவிட்டுப் போனார்கள்.

மகள் அடித்த முதல் பந்து அந்த மண்ணில் விழுந்து எழும்பவேயில்லை.

"பந்துல காத்து போயிருச்சாப்பா?"

"பந்து நல்லாத்தான் இருக்கு ஆத்தா," என்றேன்.