நோன்பு நேரத்துக்குக் கீழே ஓர் இங்கிலீஷ் வரி

கோவளம் பள்ளிவாசலின் சுவர்க்கடிகாரம் தப்பாமல் ஓடுகிறது என்று பாங்கு சொல்லும் மோதினார் ஜெயினுலாபுதீன் வெகுநாள் பெருமைப்பட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே வந்தபோதுதான் பார்த்தார். எதிர்வீட்டில் குடியிருந்த ரவிச்சந்திரன் செருப்பை வெளியே விட்டு, முக்காலியில் ஏறி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தார். வாராவாரம் நடந்திருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை.

ரவிச்சந்திரனுக்கு ஓர் ஆராய்ச்சி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. எழுபத்தேழில், ரம்ஜானுக்கு ஒரு மாதம் இருக்கையில், மோதினார் அவரிடம் தன் குறையைச் சொன்னார். பள்ளியில் இருந்த அட்டவணை தென்கோடி ஊர் ஒன்றுக்குப் போட்டது. இங்கே சூரியன் இறங்கி எட்டு நிமிஷம் ஆனாலும் அது நோன்பு திறக்க விடாது.

"கோவளத்துக்கே போட்டுத் தரேன் பாய்."

மறுவாரம் முப்பது நாளுக்கும் கம்ப்யூட்டர் அடித்த தாள் வந்துவிட்டது. நல்லதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாமா? மோதினார் அதைப் பார்த்து மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பள்ளிகளுக்கும் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பார்த்தெழுதினால் ஒரு புள்ளியும் விடக்கூடாது என்று ஓதப் பழகிய நாளிலிருந்து கை படிந்தவர். தாளின் அடியில் இருந்த இங்கிலீஷ் வரியையும் கோலம் போடுகிற மாதிரி எழுத்தெழுத்தாக வரைந்துவைத்தார்.

ரவிச்சந்திரனின் ஆபீஸ் கிளார்க் ஹமீது செங்கல்பட்டில் தொழப்போய் அதைப் படித்தான். நேரே கோவளம் வந்தான்.

"இன்னா பாய், கம்ப்யூட்டர் குடுத்த கம்பெனி சட்டத்தையே செவுத்துல ஒட்டிகினு கீறீங்க! ஆபீஸ் வேலைக்கு மட்டும், சொந்த உபயோகத்துக்குக் கூடாதுன்னு போட்டுகீது. திங்கக்கெழம கம்பெனி ஆளு வரான். ரவிச்சந்திரன் அண்ணாத்த வேல காலி."

மோதினாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டினால் எண்ணிக்கை தவறியது. மறுநாள் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். செங்கல்பட்டு பஸ் வர நேரமானபோது ரோட்டிலேயே முன்னும் பின்னும் நடந்தார். நாலு தாளையும் சேர்த்துக்கொண்டுபோய் ரவிச்சந்திரன் கையில் திணித்தார்.

"அடுப்புல போட்ரு தம்பி. சூரியன் கூடவா கம்பெனியோடது?"

"சூரியன் நம்மளோடதுதான் பாய். அதக் கணக்குப் போடற புரோகிராம் அவங்களோடது. வாடகைக்கு வாங்கியிருக்கோம். எனக்குன்னு ஒரு தாள் அடிச்சுக்கக்கூட உரிமை கெடையாது. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"நான் வந்து என் தப்புன்னு சொல்றேன்."

"வரிய வரைஞ்சதுதான் நீங்க. செஞ்சது நான்." சிரித்தார். தாள்களை அடுப்பில் போடாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தாள்களை அவரே மேலதிகாரி பார்த்தசாரதியிடம் கொடுத்துவிட்டார். வேலை போகவில்லை. வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். கிளம்பும்வரை, சாயங்காலங்களில், ஜன்னலோரம் பென்சிலும் லாகரிதம் புத்தகமுமாக அவர் உட்கார்ந்திருப்பது எதிரே தெரியும். மோதினாரோ பள்ளிக்கும் அவர் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நோன்பு நேரத்துக்கு இனி என்ன வழி என்று கேட்கவும் மனமில்லை, கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

முதல் நோன்புக்கு முந்தின நாள் பஸ் நிறுத்தத்தில், வழியனுப்ப வந்த மோதினாரிடம் பென்சிலால் எழுதிய தாளொன்றை நீட்டினார் ரவிச்சந்திரன். அடியில் எந்த வரியும் இல்லை. அதைப் பார்ப்பதற்குள் ரவிச்சந்திரன் ஏறிய பஸ் நகர்ந்துவிட்டது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"எத்தனை பேருக்கு வேணாலும் எழுதிக் குடுங்க பாய், இது நான் கையால போட்டது. வெள்ளிக்கெழம மறந்துடாதீங்க. அந்தக் கடிகாரம் வாரத்துக்கு ரெண்டு நிமிஷம் பின்னாடி போவுது."