தன்னையே துடைத்துக்கொண்ட திருத்தம்

ஆபீசில் அவருக்குப் பெயர் 'பத்திரம்'. கோப்புகளின் பழைய பதிப்புகளையெல்லாம் கட்டிக்காக்கும் மென்பொருளை எழுதியவர் அவர்தான். யார் வந்து என்ன கேட்டாலும் "எல்லாம் பத்திரமா இருக்கு" என்பார். சொல்லி வைத்தாற்போல, இடி அவர் வீட்டிலேயே விழுந்தது.

மனைவி டீச்சர். பள்ளிக்கூடம் முழுவதற்கும் கால அட்டவணை போடுகிறவர். கணவர் பேச்சை நம்பி அட்டவணையை அந்த மென்பொருளின் கோப்புறையில் வைத்தார். அதில் 'துடை' என்றொரு கட்டளை உண்டு. மென்பொருளிடம் இன்னும் ஒப்படைக்காத கோப்புகளையெல்லாம் அழித்துவிடும். பயந்தவர்களுக்காகக் கூடவே 'சும்மா காட்டு' என்று ஓர் ஆப்ஷன். எதையும் தொடாமல், எவை அழியும் என்று பட்டியல் மட்டும் போடும். போட வேண்டும். பதினோரு வருஷமாக அதை யாரும் பயன்படுத்தியதில்லை, எல்லாரும் துணிந்தவர்கள். டீச்சர் பயன்படுத்தினார். பட்டியல் வந்தது, அட்டவணை போனது.

ஒன்பது நாள் டீச்சர் அவரோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாம் நாள் காலை அந்த ஆப்ஷனுக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்தார். சோதிக்காமல் எதையும் ஒப்படைப்பதில்லை என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான், ஆனால் சோதித்தது, இன்னும் ஒப்படைக்காத திருத்தம் இருந்த அதே கோப்புறையில். திருத்தம் தப்பாக இருந்ததால் 'துடை' அந்தத் திருத்தத்தையே துடைத்துவிட்டது. எங்கே தப்பு என்று பார்க்கலாமென்றால் பார்க்க ஒன்றுமில்லை. மறுபடி எழுதினார். மறுபடியும் போனது. மூன்றாம் முறை அவர் தலையில் அடித்துக்கொண்டது பக்கத்து அறைவரை கேட்டது.

அங்கே புது அட்டவணை போட்டுக்கொண்டிருந்த டீச்சர் ஒரு தாளோடு வந்தார். எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்வது கணவரின் பழக்கம். அதைக் கேட்டுப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

"மூணு தடவையும் இதே தப்பைத்தான் ஒப்பிச்சீங்க. அஞ்சாவது வரியில அழிக்கிறீங்க. ஆறாவது வரியில 'சும்மா காட்டவா'ன்னு கேக்குறீங்க. பரீட்சை முடிஞ்சப்புறமா கேள்வித்தாள் குடுப்பாங்க?"

"பேசிட்டியா!" அவர் கண் கலங்கிவிட்டது.

"முதல்ல வரியை மாத்துங்க."

தாளைப் பார்த்து, இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதினார். டீச்சர் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த புது அட்டவணையைக் காப்பி எடுக்காமல் அப்படியே அதே கோப்புறைக்கு நகர்த்தினார்.

"ஐயோ, இதையா? ஒரு காப்பி எடுத்துட்டு..." என்று அவர் டீச்சரின் கையைப் பிடித்தார்.

"சரி பண்ணிட்டீங்களா, இல்லையா?"

ஊரெல்லாம் பத்திரம் பத்திரம் என்று சொன்னவர் மெல்லக் கையை எடுத்தார். டீச்சர் 'துடை', 'சும்மா காட்டு' என்று அடித்து என்டர் தட்டினார். அழியக்கூடியவை என்று பட்டியல் வந்தது: திருத்தம், அட்டவணை. திறந்து பார்த்தார்கள். இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். டீச்சர் கைப்பையிலிருந்து அட்டவணையின் மூன்று பிரிண்டவுட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"அட்டவணைக்கு இதெல்லாம் இருக்கு. உங்க திருத்தத்தை நம்பி நீங்க கையை எடுப்பீங்களான்னுதான் பார்த்தேன். சாப்பிட வாங்க" என்றார், அவர் முகத்தைப் பார்த்தே.