அண்ணன் பேசிவிடுவார்

என் அண்ணனுக்குப் பேச்சு திரும்பி வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

பூசி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் வேண்டாம்... வீட்டில் எல்லோரும் அவர் பேச வேண்டுமென்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அவர்களோடு நானும் ஒன்றை ஏற்றிவிட்டு, மனதுக்குள் வேறொன்றைக் கேட்கிறேன்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் துறைமுகத்தைப் பற்றியும் முத்துக்குளித்த காலத்தைப் பற்றியும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, தேதிவாரியாக எழுதி வைப்பது என் பைத்தியம். எந்த வருடம் எந்தக் கப்பல் தரைதட்டியது என்று சந்தேகம் வந்தால் தெருவில் என்னிடம்தான் கேட்பார்கள். என் அண்ணன் சூசை என்னைக் கூப்பிட்டு வந்ததே அப்படித்தான்: “ஏலே பஞ்சாங்கம்! எனக்கு என்னைக்குச் சாவுன்னு பாத்துச் சொல்லுலே!”

அவர் தோணியில் தண்டல், மாலுமிகளுக்குத் தலைவர். சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓட்டிப் போனவர். காற்றை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டைதான் ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, அடைத்துப் போனது. பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. விழுங்கவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பால் போன்ற வெள்ளைத் திரவம் அதன் வழியே இறங்கும். வார்டில் நர்ஸ் மாரிச்செல்வி. விளாத்திகுளம் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடமாட்டாள். “அண்ணாச்சி, இப்ப நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லுங்க பாப்போம்” என்று நிற்பாள்.

நான் சொன்னேன். தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். குழாயில் ஊற்றி முடித்த பிறகும் உடனே தாழ்த்தக் கூடாது. வாய்வழியாக உணவோ தண்ணீரோ, துளியும் கூடாது. விழுங்கும்போது மூச்சுக்குழலில் போய்விடும். ஒரு சொல் பிசகவில்லை!

“எங்க வார்டுலயே நீங்கதான் முதல் மார்க்கு” என்றாள் சிரித்துக்கொண்டு. “மத்தவங்க நல்லாத் தலைய ஆட்டுவாங்க. நான் அங்கிட்டுத் திரும்புனதும் இட்லியப் பிச்சு ஊட்டிருவாங்க.”

அந்த நம்பிக்கையில்தான் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் என்னை மட்டும் உள்ளே இருக்க விட்டாள். இதைக் கவனியுங்கள்... தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழியை நான் அன்றே அடைத்துக்கொண்டேன்.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள் என்று எங்கள் ஊர் மக்ரூன் வாங்கிக்கொண்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரிச்செல்வி கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, என்னையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, குழாயில் ஊற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அண்ணன் பொட்டலத்தைப் பார்த்தார். இடது கையை நீட்டி அதைக் காட்டினார். பிறகு வாயைத் திறந்தார்.

தோணி ஏறும்போதெல்லாம் மக்ரூன் இல்லாமல் போகமாட்டார் அவர். கொழும்பில் இருக்கிற கூட்டாளிகளுக்கு என்று வாங்கி, கரை கண்ணுக்கு மறையுமுன் தானே தின்று தீர்த்துவிடுவார்.

நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன்! உணவு கூடாது என்றாள். தண்ணீர் கூடாது என்றாள். மக்ரூன் உணவா? முட்டை வெள்ளையும் சீனியும் அடித்த நுரை. நாக்கில் வைத்தால் காற்றாய்ப் போய்விடுகிற பண்டம். மெல்லவே வேண்டாமே... இந்த ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் இப்படி ஒரு நியாயம் தோன்றியிருக்க முடியும். அதில் அரைத்த முந்திரி இருப்பது எனக்குத் தெரியாதா? கரைந்ததும் சர்க்கரைப் பாகாகத் தொண்டைக்குள் வழியும் என்று தெரியாதா?

சின்னதாய் ஒன்றை எடுத்து அவர் நாக்கில் வைத்தேன். அண்ணனின் பாதி முகம் சிரித்தது.

பிறகு இருமல். பிறகு இருமக்கூட முடியாத அந்தச் சத்தம்... உதடு நீலம் பாரித்தது. நான் கத்தினேன். கத்துவதற்கு முன்னால் என்ன செய்தேன் தெரியுமா? பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

மாரிச்செல்வி ஓடி வந்தாள். டாக்டர் வந்தார். தொண்டையிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தது வெள்ளையாக இருந்தது. குழாயில் போனதும் வெள்ளை. நான் கொடுத்ததும் வெள்ளை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“ஊத்துறப்ப தலைமாடு தாழ்ந்திருந்துச்சா?” என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். சாட்சிக்கு என்னைவிட்டால் யார்?

“தாழ்ந்துதான் இருந்தது” என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். இன்றுவரை வேறு காரணம் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

மாரிச்செல்வி என் முன்னால் வந்து நின்றாள். “அண்ணாச்சி... நான் ஏத்தித்தானே வச்சேன்? நீங்களும் ஒரு கை பிடிச்சீங்களே?”

“சரியா ஞாபகம் இல்லம்மா.”

ஞாபகம் இல்லை! நானா!

அண்ணனுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. செயற்கை மூச்சில் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவளுக்கு வேலை போயிற்று.

சென்ற வருடம் பழைய கல்வெட்டு ஒன்றைத் தேடி ஓட்டப்பிடாரம் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை. உள்ளே மாரிச்செல்வி மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டாள்.

“அண்ணன் எப்படி இருக்காங்க? வாயால சாப்பிடுதாங்களா?”

குழாயை எடுத்துவிட்டார்கள், கூழாக்கி ஊட்டுகிறோம் என்றேன். உடனே பழைய வார்டுக்குரல் வந்துவிட்டது அவளுக்கு. “நேரா உக்கார வச்சு, தாடையத் தாழ்த்தச் சொல்லுங்க. சின்னக் கரண்டி. முழுங்குனதும் ‘ஆ’ன்னு சொல்லச் சொல்லுங்க. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கொரல் கேட்டா அதோட நிறுத்திருங்க. கொரல் தெளியாம அடுத்த கரண்டி போகவே கூடாது.”

தலையாட்டினேன். இந்த முறை திருப்பிச் சொல்லும்படி அவள் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, இப்பவாவது ஞாபகம் வந்துச்சா?” என்றாள்.

அந்நேரம் ஒரு பஸ் வந்து நின்றது. நான் போக வேண்டிய பஸ் அது இல்லை. ஆனாலும் ஏறிவிட்டேன்.

வீட்டில் மதினி, அண்ணனின் மனைவி, இன்றும் யார் விசாரிக்க வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. “அந்தப் பாவி நர்சு கட்டிலத் தாழ்த்தி வச்சுல்லா ஊத்துனா! இல்லன்னா இவுக என்னைக்கோ பேசியிருப்பாக.” அதைக் கேட்டதும் அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். இடது கையால் என்னைக் காட்டுகிறார். பிறகு தன் வாயைக் காட்டுகிறார்.

“பாத்தீங்களா, நர்சு பேரக் கேட்டாலே கோவம்” என்பாள் மதினி. “தம்பி, உங்க கையாலதான் சாப்பிடுவாகளாம். நீங்களே ஊட்டிவிடுங்க.”

அவர் பசியைச் சொல்கிறாரா... என்னைச் சொல்கிறாரா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். ‘ஆ’வைத் தாண்டி வேறு ஓசைகளும் வரத் தொடங்கிவிட்டன. “சீக்கிரமே வார்த்தை வந்துடும்” என்கிறாள். மதினி அழுதாள். நானும் அழுதேன்... எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

இதில் தப்பிக்க வழியில்லாத இடம் ஒன்று இருக்கிறது. ஊட்டுவது நான். ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் அவரைக் குரல் கொடுக்கச் சொல்ல வேண்டும். எந்தக் குரலுக்குப் பயந்து சாகிறேனோ, அந்தக் குரலை நானே கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் அவர் உயிருக்கு ஆபத்து. மாரிச்செல்வி சொல்லிக்கொடுத்ததில் நான் இன்று தவறாமல் செய்வது அது ஒன்றுதான்.

இன்று மத்தியானம் கஞ்சி. மூன்றாவது கரண்டி இறங்கியது.

“அண்ணே, ஆ சொல்லுங்க.”

அவர் என்னையே பார்த்தார். உதடு கோணியது.

“ஏ...” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “ஏ...லே.”

தெளிவான குரல். தண்ணீர்ச் சத்தம் துளியும் இல்லை. அடுத்த சொல்லுக்காக வாய் திறந்தது. அப்போது என் கை, நான் சொல்லாமலே, கஞ்சி நிறைந்த கரண்டியோடு உயர்ந்தது. அந்தத் திறந்த வாயை நோக்கி... பேசிக்கொண்டிருக்கும் வாயை நோக்கி!

உதட்டருகே நிறுத்திவிட்டேன். நான்தான் நிறுத்தினேனா, கை தானாகவே நின்றதா... சத்தியமாகத் தெரியாது. கஞ்சி அவர் சட்டையில் சிந்தியது.

“தம்பி, என்னமோ சொல்லுதாக போலிருக்கே! என்ன சொல்லுதாக?” அடுக்களையிலிருந்து மதினி.

“ஒண்ணுமில்ல மதினி” என்றேன்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். கண்ணை மூடவில்லை.

அவர் பேச்சுக்கு மட்டுமே பயந்துகொண்டிருந்தேன் இதுவரை. இப்போது இந்தக் கையைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது... இதை வைத்துக்கொண்டுதான் சாயந்திரம் மறுபடியும் ஊட்ட வேண்டும்.