சிவப்பு வட்டத்துக்குள் விழுந்த புள்ளி

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சுன்னாகத்தில் ரேடியோ திருத்துகிறேன். மீன்பிடி வள்ளங்களின் வயர்லஸ் செற்றுகளுக்கு, கதைப்பது தூரம் போக அம்பிளிபயரும் செய்து கொடுத்தேன். இப்போது செய்வதில்லை.

அதற்குக் கணினியில் ஒரு படம் உண்டு. பெரிய வட்டம். ஏரியல் சரியென்றால் புள்ளி நடுவில் நிற்கும். ஏரியலில் ஏதும் மாறினால் நகரும். ஓரத்தில் சிவப்பாக இன்னொரு வட்டம் வரும். புள்ளி அதற்குள் போனால் அம்பிளிபயர் தன்பாட்டில் கூவும். கதைப்பது போய்ச் சேராது. றெசிஸ்ரர் என்ற சின்னச் சாமான் ஒன்று போட்டால் சிவப்பு வட்டம் வெளியே போய்விடும். ஆனால் கதைப்பது கேட்கும் தூரம் குறையும்.

தங்கையின் புருசன் கடலுக்குப் போகிறவர். அவருக்கு றெசிஸ்ரர் போட்ட படம், போடாத படம் இரண்டையும் காட்டினேன்.

"உந்தச் சிவப்பு என்ன மச்சான், உம்மடை மூக்கோ?"

"புள்ளி அதுக்குள்ளை போனால் செற் கூவும்."

"போகுமோ?"

"ஏரியலிலை கை வைக்காட்டில் போகாது."

"அப்ப தூரம் போறதைத் தாரும். நான் கரையிலை நிண்டு கதைக்கிற ஆளில்லை."

றெசிஸ்ரர் போடாமல் கொடுத்தேன். ஒரு கிழமை நன்றாக வேலை செய்தது.

கோயிலில் செப்புத் தகட்டில் மந்திரம் எழுதி வள்ளத்தில் காவலுக்குக் கட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். உயரத்தில் கட்ட வேண்டுமென்று தங்கை அதை ஏரியலிலேயே கம்பியால் இறுக்கிவிட்டாள். எனக்குத் தெரியாது. ஏரியலைப் பற்றி அவளுக்கு நான் சொல்லியிருக்கவும் இல்லை.

அடுத்த நாள் அவர் கடலுக்குப் போன பிறகு காற்று எழும்பியது. கரையிலிருந்த செற்றில் கூவல் மட்டும் கேட்டது. விட்டுவிட்டு மூன்று தரம். அவர் எங்கே நிற்கிறாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. ஏரியலை அளந்து கணினியில் போட்டேன். புள்ளி சிவப்புக்குள் நின்றது. தகட்டைக் கழற்றி அளந்தேன். நடுவுக்கு வந்தது.

தங்கை கேட்டாள்.

"அண்ணை, அவர் கூப்பிட்டவரோ?"

"ஓம். மூண்டு தரம்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"செற்றிலை பிழை. ஒரு சாமான் போடாமல் விட்டிட்டன்."



"தகடு எண்டாலும் காப்பாத்தும் எண்டு நினைச்சன்," என்றாள்.

அன்றிரவு, தகட்டோடு அளந்த படத்தைக் கணினியிலிருந்து அழித்தேன்.

கீரிமலையில் அவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. அவள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. என்னோடு கோபமாகவே இருக்கட்டும்.