மலையில் ஆளைக் கூப்பிடுவது எப்படி

1. ஒரு தலை குறைந்தது

உச்சிப் பாறையிலிருந்து இறங்கி, ஓடைக்கரை அத்திமரத்தடிக்கு வந்ததும் வழக்கம்போலத் தலை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. எல்லாரையும் உட்காரச் சொல்லித் திரும்ப எண்ணினேன். அப்போதும் குறைந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிகளே, இந்த வேலையில் அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. உங்களுக்கு ஒரு நாளும் குறையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பேர் மலர். வேப்பந்தட்டைக்காரி. சனி, ஞாயிறில் திருச்சியிலிருந்தும் பெரம்பலூர், அரியலூரிலிருந்தும் வருகிறவர்களைப் பச்சைமலைக்குக் காலையில் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் இறக்கிக் கொண்டுவந்து பஸ்ஸில் விடுவது என் வேலை. குளிர்காலத்தில் கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கவும் கூட்டிப்போவேன். இதற்கென்று எங்கேயும் படித்தவளில்லை. அடிவாரத்தில் நானும் எங்க வூட்டுக்காரரும் டீக்கடை வைத்திருந்தோம். டீ குடிக்க வந்தவர்கள், "மேல போக வழி எதும்மா?" என்று கேட்டார்கள். முதலில் கையை நீட்டிக் காட்டினேன். அப்புறம் கொஞ்ச தூரம் கூடவே போய்க் காட்டினேன். அப்புறம் கடையை அவரிடம் விட்டுவிட்டு முழுசாகவே போய்விட்டேன். வனத்துறையில் அனுமதி வாங்கி, கழுத்தில் ஒரு அட்டையும் மாட்டிக்கொண்டேன்.

நடக்க வருகிறவர்கள் பேசுகிற பேச்சுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடித்தது. பாடாலூர்ப் பக்கத்து வெங்காயக்காட்டு விவசாயி ஒருத்தர் பாதி ஏற்றத்தில் நின்று சொன்னார்: "எங் காட்டுல நாள் பூரா நடக்குறேன் தாயி, ஒரு இடத்துக்கும் போய்ச் சேர்றதில்ல. இதுல உச்சின்னு ஒண்ணு இருக்கு பாரு, அதான் கால் கேக்குது." கிரேன் ஓட்டுகிற ஒருத்தர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "நானெல்லாம் தெனம் ஆகாசத்துல உக்காந்து வேலை பாக்குறவன்க்கா. ஆனா லிப்ட்ல போவேன்." இப்படி எத்தனையோ. ஒருத்தர் எதுவும் பேசாமல் ஏறினால் எனக்கு என்னமோ கூலி குறைந்த மாதிரி இருக்கும்.

2. தங்கராசு சார்

அன்றைக்கு வந்தவர்கள் ஆலத்தியூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்காரர்கள். அதில் தங்கராசு சாரும் அவர் மனைவி சரோஜாக்காவும் ஒரு ஜோடி. அவர் ஆலை லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் பார்த்தே காலத்தை ஓட்டியதால், மலையில் கண்ட கல்லையெல்லாம் குனிந்து எடுத்தார். எடுத்ததை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"ஏங்க, அது என்ன கல்கண்டா? கீழ போடுங்க!" என்று சரோஜாக்கா பின்னாலிருந்து அதட்டிக்கொண்டே வந்தார். அக்காவுக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம். குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

எங்கள் வேலையில் முன்னால் ஒரு ஆள் வழி காட்டும். கடைசியில் ஒரு ஆள் வரும். அந்தக் கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. எனக்குக் கடைசி ஆள் முருகேசன் அண்ணன். பெரம்பலூர் – அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மலையிலும், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, எடம் இருக்கு" என்றுதான் ஆட்களை நகர்த்துவார்.

இறங்கும்போது ஒரு அம்மாவின் ஷூ வாயைப் பிளந்துகொண்டது. பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்த ஷூவை மலைக்கென்று எடுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். பாதி வழியில் பசை விட்டுவிடும். முருகேசன் அண்ணன் குனிந்து அதைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தவர் தங்கராசு சார். சரோஜாக்கா பேசிக்கொண்டே என்னோடு முன்னால் வந்துவிட்டார். வழி பிரிகிற இடத்தில் நாங்கள் எல்லாரும் வலது பக்கம் ஓடைக்கு இறங்கினோம். இவர் ஏதோ ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் மாடு போகிற தடத்தில் இறங்கிவிட்டார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தபோது வழியில் ஆளில்லை. முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மரத்தடியில் எண்ணினபோதுதான் விஷயம் தெரிந்தது.

"வந்துடுவாரு, வெளையாட்டுப் புள்ள மாதிரி எங்கேயாவது கல்லு பொறுக்கிக்கிட்டு இருப்பாரு" என்று ஒருத்தர் சிரித்தார். சரோஜாக்கா சிரிக்கவில்லை. தன் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"மலரு, அவருக்குச் சுகர். காலையில ஊசி போட்டுட்டு ரெண்டு இட்லிதான் சாப்புட்டாரு. நேரத்துக்குச் சாப்புடலன்னா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். போன தடவை பாத்ரூம்ல அப்புடியே உக்காந்துட்டாரு. சாப்பாடு, மிட்டாய், எல்லாம் என் பையிலதாம்மா இருக்கு."

உச்சியில் எல்லாரும் போட்டோ எடுத்ததில் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. போனைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் சிக்னல் என்றைக்கும் கிடைத்ததில்லை. எங்கேயோ வெயிலில் தனியாக இருக்கிறார், கையில் தின்ன ஒன்றுமில்லை. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் அவருக்கு நல்லது.

3. "சார்! சார்!"

ஆள் தொலைந்தால் முதல் வேலை, மிச்ச ஆட்களை உட்கார வைப்பது. ஆளாளுக்குத் தேடப் போனால் தேட வேண்டிய தலை கூடிப்போகும். அவர்களை மரத்தடியில் விட்டுவிட்டு, நான், முருகேசன் அண்ணன், சரோஜாக்கா மூன்று பேரும் வழி பிரிகிற இடத்துக்கு ஏறினோம். அங்கே ஒரு தட்டைப் பாறை. அதில் நின்றால் கீழே பள்ளம் முழுக்க முள்ளும் மூங்கிலும்தான் தெரியும்.

அண்ணன் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். விசில் சத்தம் நாலு பக்கமும் பாறையில் பட்டுத் திரும்பியது. கீழே இருக்கிற ஆளுக்கு அது எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியாது. அப்புறம், "தங்கராசு சார்! தங்கராசு சார்!" என்று கத்தினார். பேரெல்லாம் காற்றில் தேய்ந்து, "சார்... சார்..." மட்டும்தான் பள்ளத்துக்குள் போனது.

அந்த நேரம் பார்த்து எதிர்ச் சரிவில் ஒரு காலேஜ் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயிருந்து ஒருத்தன், "பிரசன்ட் சார்!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது.

"வாயில நல்லா வருது" என்று அண்ணன் பல்லைக் கடித்தார். "அரியலூர் பஸ் ஸ்டாண்டுல சார்னு கத்துனா பாதி பேரு திரும்பிப் பாப்பான். அந்த மாதிரில்ல ஆயிப்போச்சு!"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல் சரோஜாக்காவின் குரல். உடையார்பாளையத்துத் தொண்டை. அது பேரையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"அக்கா, நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"யாரு, நானா? அவரு பேரையா?"

"ஆமாக்கா."

"அடி போடி இவளே. கல்யாணம் ஆனதுலேருந்து சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவேன்."

"இப்ப அதெல்லாம் பாத்தா முடியுமாக்கா? உயிர் காரியம்."

"நீ மொதல்ல உன் வூட்டுக்காரர் பேரச் சொல்லு பாப்போம்."

மாட்டிக்கொண்டேன். நானும் சொன்னதில்லை. "எங்க வூட்டுக்காரரு தொலையலையேக்கா, டீ ஆத்திக்கிட்டுல்ல இருக்காரு" என்றேன். அந்த நிலையிலும் அக்காவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பாறை விளிம்புக்குப் போனார். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார், சாமியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"தங்க... ராசூ!"

அது அவர் குரலே இல்லை. தொண்டைக்குள் மாட்டி, இழுத்து, மேலே போய், கீச்சென்று வந்தது. கூச்சம் அப்படி. இன்னொரு தடவை, "தங்கராசூ!" என்றார். அதற்குமேல் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

பள்ளம் அமைதியாக இருந்தது. காலேஜ் கூட்டம்கூடச் சத்தம் போடவில்லை.

4. தினமும் கூப்பிடுவது

ஒரு பதிலும் வராததைப் பார்த்ததும் சரோஜாக்கா பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பையைத் திறந்தார். டிபன் பாக்ஸை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புளிசாதமும் உருளைக்கிழங்கும். அதைத் திறந்து பார்த்ததும் அவருக்குள் என்ன ஆனதோ தெரியவில்லை. எழுந்தார். வயிறு எக்கி, முழுத் தொண்டையில் ஒரு சத்தம் போட்டார்:

"ஏங்க! சாப்புட வாங்க!"

கீழே, இடது பக்கம், மூங்கில் புதருக்கு அந்தாண்டையிலிருந்து ஒரு குரல்:

"இந்தா வரேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் பதில் சொல்கிற மாதிரிதான் இருந்தது. முருகேசன் அண்ணன் விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

"அக்கா, நிறுத்தாதீங்க! பேசிக்கிட்டே இருங்க, அவரையும் பேச வைங்க. அந்தக் குரலைப் புடிச்சுக்கிட்டே நாங்க எறங்குறோம்."

"என்னத்தடி பேசுறது?"

"திட்டுங்கக்கா!"

"அதுக்கென்ன பஞ்சம்" என்றவர் ஆரம்பித்தார். "எங்க போயித் தொலைஞ்சீங்க? கல்லு பொறுக்க வந்தீங்களா, மலை பாக்க வந்தீங்களா? உங்களக் கூட்டியாந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"கால் பெரண்டு போச்சுடி" என்றது பள்ளம்.

"பெரளும், பெரளும்! கண்ணு எங்க இருந்துச்சு?"

அந்தச் சண்டையின் இரண்டு முனைக்கும் நடுவில் நானும் அண்ணனும் மாட்டுத் தடத்தில் இறங்கினோம். சார் சொல்கிற பதில் வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில், "ம்... ம்..." மட்டும்தான். அதை வைத்தே புதரை விலக்கினோம்.

ஒரு பாறை நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. விரல் நடுங்கியது. நான் எப்போதும் இடுப்புப் பையில் வைத்திருக்கிற குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி, வாயருகே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு உயிர் வந்தது. அதற்குள் சரோஜாக்கா யார் சொல்லியும் கேட்காமல் உட்கார்ந்து சறுக்கியே வந்து சேர்ந்துவிட்டார். புடவை பூரா முள். வந்தவர் புளிசாதத்தை உருட்டி அவர் வாயில் வைத்தார்.

இரண்டு உருண்டை இறங்கினதும் நான் கேட்டேன், "சார், நாங்க கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா. சார் சார்னாங்க. அந்தப் பக்கம் காலேஜ் பசங்க வாத்தியாரக் கூப்புடுறானுங்கன்னு விட்டுட்டேன். நானாக் கத்தலாம்னா, காலையில நீதானே சொன்னே, காட்டுல சத்தம் போடக் கூடாதுன்னு."

முருகேசன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூங்கிலைப் பார்த்தேன்.

"சரி சார், அப்புறம் பேரச் சொல்லிக் கூப்பிட்டது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதையும் கேட்டேன். ஒரு பொம்பளக் கொரலு. கீச்சுன்னு, எம் பேரச் சொல்லுது. ஆளில்லாத காட்டுல பேரச் சொல்லிப் பொம்பள கூப்புட்டா ஏன்னு கேக்கலாமா? பேயின்னா மூணாந் தடவை கூப்புடாதும்பாங்க, அதுக்கு முன்னாடி வாயத் தெறக்கக் கூடாதுல்ல? ரெண்டோட நின்னுபோச்சு. நான் மூச்சுகூட விடல."

"லேப்ல வேலை பாத்த மனுசன் பேசுற பேச்சா சார் இது!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். சரோஜாக்கா அடுத்த உருண்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அது நாந்தான்."

"நீயா? நீ எம் பேரையா சொன்னே?"

"ம்."

தங்கராசு சார் மெல்லுவதை நிறுத்தினார். பேய் கூப்பிட்டதாக நினைத்தபோதுகூட வராத ஆச்சரியம் இப்போது முகத்தில். "இன்னொரு தடவ சொல்லு, நல்லாக் கேக்கல" என்றார்.

"பேசாம சாப்புடுங்க" என்று உருண்டையை வாயில் திணித்தார் சரோஜாக்கா. அவர் காது மடல் சிவந்திருந்ததை நானும் அண்ணனும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

5. நான் கற்றுக்கொண்டது

அவரைத் தோளில் தாங்கி மெதுவாக இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கால் வீக்கம் தவிர வேறு பாதகமில்லை. ஒரு மனுஷனை முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைத்த நன்றி எனக்கு அந்தப் பள்ளத்தின்மேல் உண்டு, அண்ணன்மேல் உண்டு, எல்லாவற்றையும்விட அந்தச் சாப்பாட்டுக் கூப்பாட்டின்மேல் உண்டு.

அன்றிலிருந்து அடிவாரத்தில் நின்று தண்ணீர் இருக்கா, மாத்திரை இருக்கா, தின்பண்டத்தை அவரவர் பையில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கும்போதே, இன்னொன்றும் கேட்கிறேன்: "உங்களை வூட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். மீசை வைத்த ஒரு போலீஸ்காரர், "பாப்பா" என்றார். ஒருத்தர், "எம் மாமியார் கூப்புடுறதச் சொல்லவா, சம்சாரம் கூப்புடுறதச் சொல்லவா?" என்றார். ஒரு வீட்டில் கணவனை, "சித்ரா அப்பா" என்றுதான் கூப்பிடுவார்களாம். அது போதும், அப்படியே கூப்பிடுவோம்.

போன மாதம் திருச்சியிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர் அம்மா தனியாக வந்தார்கள். அவர்களிடம் கேட்டபோது கொஞ்சம் தயங்கினார்கள். "எங்கம்மா இருந்தவரைக்கும் 'ஏ புள்ள'ம்பாங்க. அதுக்கப்புறம் ஊரு பூரா மேடம்தான்" என்றார்கள். பாதி ஏற்றத்தில் பின்தங்கி, ஒரு பாறையில் சாய்ந்து, மேலே வரவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள். முருகேசன் அண்ணன், "முன்னாடி போங்க மேடம்" என்று சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. நான் மேலிருந்து, "ஏ புள்ள! என்ன நின்னுட்டே? வா மேல!" என்று ஒரு குரல் கொடுத்தேன்.

சட்டென்று நிமிர்ந்து, "இந்தா வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டு ஏற ஆரம்பித்துவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது போலிருக்கிறது. ஏறிக்கொண்டே சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறினார்கள்.

ஆகையால் தம்பி தங்கச்சிகளே, மலை ஏறுவதற்கு முன்னால் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.