கோட்டோரத்துக் குரல்

கால்பந்தில் தடுப்பாட்டக்காரராயிருந்து பயிற்றுநரான இத்தாலியர் ஒருவர், தொலைக்காட்சியில், கோட்டோரம் நின்று கத்துகிறார். மொழி விளங்கவில்லை, ஆனால் அது என் தந்தையாரின் குரல்.

அப்பாவும் ரங்கூனில் தடுப்பாட்டக்காரராயிருந்து பயிற்றுநரானவர். அறுபதுகளில், பர்மாவின் ராணுவ ஆட்சியில் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில், க்யிம்யிண்டைங் மைதானத்தில் சிப்பாய்களின் அணியோடு ஆட்டம். அப்பா பயிற்றுவித்த எங்கள் தமிழர் அணி ஒரு கோல் முன்னிலை.

"அடைங்கடா! ஒருத்தனையும் விடாதீங்க!" என்று அப்பா முழங்கினார்.

துப்பாக்கியோடு நின்ற அதிகாரி திரும்பினார். "சயா, இது எந்த நாட்டுப் பேச்சு?" என்று, வாத்தியாரை விளிக்கும் மரியாதையோடு பர்மிய மொழியில் கேட்டார்.

கூட்டத்தில் என்னோடு நின்ற அம்மா என் மணிக்கட்டை இறுக்கினார். "ஐயோ, இந்த மனுசன் வாயை மூடக்கூடாதா?"

அப்பா மூடிக்கொண்டார். அவர் குரலுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்த எங்கள் தடுப்பாளர்களைத் தாண்டி இரண்டு கோல்கள் விழுந்தன. ஊர் அதைத் தோல்வி என்றது. நான் அவ்வாறு கொள்வதில்லை. அப்பா எங்களோடு வீடு திரும்பினார்.

இத்தாலியர் இன்னும் கத்துகிறார். வாசலைப் பார்த்தபடி, ஒலியைக் குறைக்கிறேன்.