அலமாரிக்குப் பின்னால் ஓர் ஓட்டை

வாலு கிளம்பிப் போன அன்றுதான் அது நடந்தது.

வாலு என்றால் அக்கா மகள். நடக்கப் பழகுவதற்கு முன்பே ஓடப் பழகிய பிள்ளை. அதனால் வீட்டில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலை தாய்மாமனுக்கு. ட்ரில் மெஷின், ஏணி, கேபிள் சுருள் எல்லாவற்றையும் வேனில் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அவள் பெட்டிகளை ஏற்றியிருந்தார்.

மாமாவின் தொழில் சுவரில் துளை போடுவது. ஏசி குழாயோ டிவி கேபிளோ இணையக் கம்பியோ, எது வீட்டுக்குள் வர வேண்டுமென்றாலும் முதலில் அவர் வர வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஓட்டை. இளையவர்களுக்கு ஓட்டை அண்ணன். அதிகம் பேசாத மனிதர். "வாயைத் தவிர எல்லா இடத்துலயும் ஓட்டை போடுவான்" என்பது அக்காவின் கணவர், அத்தான், சலிக்காமல் சொல்லும் பழைய ஜோக்.

அத்தான் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன. வாய் போகவில்லை. ஐந்தாவது மாடி வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மகளை வழியனுப்பினார்.

"ஏய் ஓட்டை, வண்டியை மெதுவா ஓட்டு. நீ ஓட்டுறதைப் பார்த்தா நல்லா இருக்கிற பக்கமும் இழுத்துக்கும் எனக்கு."

"புள்ள கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அழாம இருக்கத்தான்டி பேசுறேன்."

விமான நிலைய வாசலில் வாலு மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

"அப்பாவைப் பார்த்துக்குங்க மாமா."

"உங்கப்பன் என்ன பச்சைக் குழந்தையா?"

"குழந்தைன்னாலும் பரவாயில்லையே. மாத்திரையை வாயில வச்சுக்கிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் துப்புறார்."

"நான் இருக்கேன்ல. போ."

அவர் வாழ்நாளில் கொடுத்த மிகச் சின்ன வாக்கு அதுதான். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பார்.

திரும்பி வரும் வழியில், பாதித் தூரம்கூட வந்திருக்க மாட்டார், அக்காவின் போன்.

"டேய், கீழே தீப்பிடிச்சிருக்காம். மீட்டர் ரூம்லயாம். படியில எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுறாங்க. லிஃப்ட் ஓடலை. இவரை எப்படிடா நான் இறக்குவேன்?"

ஓட்டை அண்ணன் வேனை ஓரம் கட்டினார். குரல் தெளிவாகத்தான் வந்தது. இறங்க முடியாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கட்டட விதியே அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள சுவரும் கதவும் தீயை ஒரு மணி நேரமாவது வெளியே நிறுத்தி வைக்கும், அதற்குள் ஆள் வந்துவிடும்.

"அத்தான் எங்கே?"

"வாலு கட்டில்ல. அவ போனதுல இருந்து அங்கதான் படுப்பேன்னு அடம். தலையணையில அவ வாசனை இருக்காம்."

"நல்லதாப் போச்சு. அந்த ரூம்தான் படிக்கட்டுக்கு ரொம்பத் தூரம். அவர் அங்கேயே இருக்கட்டும். கதவைச் சாத்தி, அடியில ஈரத்துணி போடு. தீயணைப்புக்குச் சொல்லிட்டு, நீ ஹால் ஜன்னல்ல நின்னு துணியைக் காட்டு. பயப்படாதேக்கா, சுவர் தாங்கும்."

"தாங்குமாடா?"

"அதுக்குத்தானே சுவர்."

வேனைக் கிளப்பினார். அடுத்த சிக்னலில், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அந்த அறையின் சுவர் நினைவுக்கு வந்தது.

வாலுவின் அறைக்குப் பின்பக்கம் டக்ட். தரையிலிருந்து மொட்டைமாடி வரை, கிணற்றைத் தரைக்கு மேலே எழுப்பி நிறுத்திய மாதிரி ஒரு குறுகலான இடம். கட்டடத்தின் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் அதற்குள்ளேதான் ஏறிப் போகும். கீழே ஓர் இடத்தில் தீ பிடித்தால் அது புகைபோக்கியாக மாறிவிடும் என்பதால்தான் விதி அதைச் சுற்றி நெருப்பைத் தாங்கும் சுவர் கேட்கிறது. ஒவ்வொரு மாடியிலும் அதைத் தளம் போட்டு அடைக்கச் சொல்கிறது. அந்தச் சுவரில் துளை போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால், சூடு பட்டதும் வீங்கி அடைத்துக்கொள்கிற சிவப்புப் பசையால் நிரப்ப வேண்டும்.

இந்தத் தொழிலில் எல்லோரும் போட்டார்கள். கேபிளை இழுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, டப்பா நுரையை ஒரு தடவை பீய்ச்சி, அது பொங்கி இறுகியதும் கத்தியால் சீவி, மேலே ஒரு கை சுவருக்குப் பூசும் பட்டி தடவினால் முடிந்தது. பார்க்கச் சுவர் மாதிரியே இருக்கும். ஓட்டை அண்ணன் பூசிய இடத்தை அவரே மறுநாள் தேடினால் கிடைக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாலுவின் அறைச் சுவரிலும் அவர் ஒன்று போட்டிருந்தார். வாலுதான் கெஞ்சினாள். "நாளைக்கு ஆன்லைன்ல பரீட்சை மாமா. இன்னைக்கே நெட் வேணும்." முறையான வழி, வராந்தா குழாய் வழியாகக் கொண்டுவருவது. அதற்குக் குடியிருப்போர் சங்கத்தில் கேட்க வேண்டும், அவர்கள் கூட்டம் போட வேண்டும். இவர் அலமாரியை நகர்த்தினார், ஒரே துளை, வேலை முடிந்தது. அலமாரியைத் திரும்பத் தள்ளி வைத்ததும் அத்தான் நல்ல கையால் தொடையில் தட்டிப் பாராட்டினார். "ஆபரேஷன் பண்ணினா தழும்பு தெரியக் கூடாது. எங்க டாக்டரை உன்கிட்ட அனுப்புறேன்டா."

தெரியாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை நகராட்சிக்காரர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு சுவர்களைக் கட்டி வைத்து, ஒன்றில் பசை, ஒன்றில் நுரை, பின்னால் தீ மூட்டிக் காட்டினார்கள். நுரை அடைத்த துளை வழியாகக் கறுப்புப் புகை ஊதி, அதன் பின்னாலேயே தீ நாக்கை நீட்டியது. "ஓட்டை சின்னதா பெரிசான்னு பார்க்காதீங்க. ஓட்டை இருந்தா அது சுவரே இல்லை" என்றார் பயிற்சி கொடுத்தவர். எல்லோரும் ஓட்டை அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மதியச் சாப்பாடு போட்டார்கள். மறுநாள் எல்லோரும் பழையபடி நுரை டப்பாவோடு வேலைக்குப் போனார்கள். பசை வாங்கித் தருகிற வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவரும் இல்லை.

மறுபடி போன் அடித்தார்.

"அக்கா, அத்தானை அந்த ரூம்ல இருந்து எடு. உடனே."

"இப்பத்தானேடா அங்கேயே இருக்கட்டும்னே?"

"எடுக்கா! வாதாடாதே!"

கதவு திறக்கும் சத்தம். பிறகு அக்கா இருமினாள்.

"டேய்... ரூம் பூரா புகைடா. ஒண்ணும் தெரியலை. ஜன்னல் சாத்தித்தான் இருக்கு. எங்கிருந்துடா வருது இது?"

எங்கிருந்து என்று அவருக்குத் தெரியும். அலமாரியை நகர்த்தச் சொல்லலாமா? அது அவரே தோளைக் கொடுத்து முக்கினால்தான் நகரும். அத்தானைத் தூக்கச் சொல்லலாமா? அவர் அக்காவைப் போல ஒன்றரை ஆள். "தரையோட தவழ்ந்து போக்கா, காலைப் பிடிச்சு இழு" என்று கத்தினார். அந்தப் பக்கம் போன் எங்கேயோ விழுந்து, சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

முன்னால் வண்டிகள் நகரவில்லை. வேனை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். பின்னாலிருந்து ஹாரன்கள், வசவுகள். வீட்டுத் தெருவில் கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ்காரர் மார்பில் கை வைத்துத் தடுத்தார்.

"யோவ், எங்கே போறே?"

"அஞ்சாவது மாடி. எங்க அக்கா சார், அத்தானால நடக்க முடியாது."

"ஆள் மேலே போயிருக்காங்க. நீ போய் என்ன பண்ணப் போறே?"

அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ஐந்தாவது மாடியில் தீயே இல்லை. கடைசி வரை ஒரு பொறிகூட அங்கே ஏறவில்லை. தீ மொத்தமும் கீழே மீட்டர் அறையோடு நின்றுவிட்டது. புகை மட்டும்தான் டக்ட் வழியாக ஏறி, எங்கெங்கே வழி இருந்ததோ அங்கெல்லாம் நுழைந்திருந்தது.

அக்காவைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மூச்சு இருந்தது. அத்தானைப் பிறகு மூடிக் கொண்டுவந்தார்கள். அந்த நல்ல வலது கை மகளின் தலையணையை விடவே இல்லை.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து முடித்தபோது வாலு வானத்தில் இருந்தாள். இறங்கியதும் 'வந்துட்டேன் மாமா' என்று செய்தி அனுப்பினாள். அவர் கூப்பிட்டுச் சொன்னார். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த ரூம்ல மாமா?"

"உன் ரூம்ல."

"அலமாரியா?"

"ம்."

அடுத்த விமானத்திலேயே திரும்பி வந்தாள். எல்லாம் முடியும்வரை அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி கிளம்பிய அன்று அவர் வேனைக் கழுவி, கேபிளையெல்லாம் ஒதுக்கி, வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். அவள் டாக்ஸியில் போனாள்.

விசாரணை நடந்தது. ஓட்டை அண்ணன் தானாகவே போய் அதிகாரியின் முன்னால் நின்றார்.

"அந்தத் துளையை நான்தான் சார் போட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதர். "எந்தத் துளை? அந்த டக்ட்டுக்குள்ள விளக்கு அடிச்சுப் பார்த்தேன். சல்லடை மாதிரி இருக்கு. மாடிக்கு மாடி தளம் போட்டு அடைக்கணும், கட்டினவன் அதையே செய்யலை. உன் துளையை மட்டும் நான் எங்கே கொண்டுபோய் எழுதுறது? போய் அக்காவைப் பாரு."

தண்டனை கேட்டுப் போனவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். கட்டியவர் மேல் வழக்கு என்றார்கள். அது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அக்கா தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு இனி போக முடியாது, நீராவி பட்டால் மூச்சு முட்டுகிறது. குரல் கரகரவென்று வேறு யாருடைய குரல் மாதிரியோ ஆகிவிட்டது. அந்தக் குரலில் அவள் துளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "சாப்பிட்டியாடா?" என்றுதான் கேட்பாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும். வாலு அக்காவின் போனில் கூப்பிடும்போதெல்லாம் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

அவர் செய்து பார்த்தது ஒன்றுதான். சிவப்புப் பசையை வாங்கி வேனில் போட்டுக்கொண்டு, தான் துளை போட்ட கட்டடங்களுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டினார்.

"இலவசமாவே அடைச்சுத் தர்றேங்க. அரை மணி நேர வேலை."

"இப்பத்தான் பெயின்ட் அடிச்சோம். தூசி ஆகும், வேண்டாம்."

"டிவிப் பலகையைக் கழட்டணுமா? அதைக் கழட்டினா திரும்ப மாட்ட ஆள் வராது."

"ஓட்டை போட்டது நீங்க. இப்ப அது ஆபத்துன்னு சொல்றதும் நீங்க. நல்ல பிசினஸ்தான் போங்க" என்றாள் ஒரு வீட்டம்மா. அவள் சொன்னதில் என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. எங்கோ ஓரிரண்டு வீடுகளில் உள்ளே விட்டார்கள். மற்ற இடங்களில் காவலாளிகளுக்கு முகம் பழகி, கேட்டிலேயே கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பசை டப்பாக்களில் பாதி வேனிலேயே காய்ந்து கல்லாகிப் போயின.

வருடங்கள் போயின. துளை போடுவதை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் வேன் ஓட்டினார். ஓட்டை என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை.

ஒரு நாள் மதியம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. வாலுவின் எண். முதலில் வந்தது ஒரு படம். ஏதோ ஓர் அறை, நகர்த்தி வைத்த அலமாரி, சுவரில் வட்டமாக ஒரு கறை. சுரண்டிப் பார்த்த இடத்தில் மஞ்சள் நுரையும் பேப்பர் முனையும் தெரிந்தன. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் கீழே எழுத்தும் வந்து சேர்ந்தது.

"மாமா, புது ரூமுக்கு மாறியிருக்கேன். எங்கே போனாலும் முதல்ல அலமாரியை நகர்த்திப் பார்ப்பேன். இத்தனை நாள் சுவர் சுத்தமாத்தான் இருந்துச்சு. இங்கே இருக்கு. பின்னாடி டக்ட். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், சிரிக்கிறார். பூசினது அப்படியே உங்க கைவேலை மாதிரி இருக்கு. அன்னைக்கு நெட் வேணும்னு கேட்டது நான்தானே மாமா. சிவப்புப் பசை வாங்கி வச்சிருக்கேன். நுரையை முழுசா எடுத்துட்டு வைக்கணுமா, அது மேலேயே வைக்கலாமா? சொல்லுங்க. இன்னைக்கு இங்கேதான் தூங்கணும்."